போட்டோவைப் பார்த்து பாஸ்டலில் முகம் வரைதல்: வாசகர் கேள்வி–பதில்

ஆர்டர் எடுத்து உருவப்படம் வரைபவர்களும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் எழுதிய கடிதங்களிலிருந்து இந்த இதழுக்குத் தேர்ந்தவை இவை. பாஸ்டல் என்று இங்கே சொல்வது நிறத்தூளை இறுக்கிச் செய்த உலர்ந்த கட்டியை. எல்லாவற்றிலும் நிலைமை ஒன்றுதான்: ஆள் எதிரே இல்லை, போட்டோ மட்டும் கையில் இருக்கிறது.

கேள்வி: வாடிக்கையாளர் செல்போன் படம் ஒன்றை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "இதை வைத்து வரைந்து கொடுங்கள்" என்கிறார். எந்த மாதிரிப் படத்தை ஒப்புக்கொள்ளலாம்? எதைத் திருப்பி அனுப்ப வேண்டும்?

பதில்: வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக வரும் படம் சுருக்கப்பட்ட நகல். இமையின் ஓரம், உதட்டின் கோடு, நெற்றியில் முடி தொடங்கும் இடம் எல்லாம் அதில் கரைந்துபோயிருக்கும். அதே படத்தை 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் இமையின் மடிப்பு தனிக் கோடாகத் தெரிந்தால் படம் வேலைக்கு ஆகும். கண் வெறும் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தால் ஆகாது. அந்த இடத்தில் நீங்கள் வரைவது அவர் கண்ணாக இருக்காது. உங்கள் கைக்குப் பழகிப்போன ஏதோ ஒரு கண்ணாக இருக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது. மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. 30 செ.மீ. தூரத்தில் எடுத்த செல்ஃபியில், காதோடு ஒப்பிட்டால் மூக்கு ஏறக்குறைய 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். 2 மீட்டரிலிருந்து எடுத்தால் அந்த வித்தியாசம் 6 சதவீதம்தான். செல்ஃபியை அப்படியே பார்த்து அளவு பிசகாமல் வரைந்து கொடுத்தும், "மூக்கு இப்படியா இருக்கும்?" என்று வீட்டார் கேட்பது இதனால்தான். குற்றம் உங்கள் கையில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. சில போன்கள் செல்ஃபியை இடவலம் மாற்றிச் சேமிக்கும். வகிடு எந்தப் பக்கம், மச்சம் எந்தக் கன்னத்தில் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வெளிச்சம். ஃபிளாஷ் கேமராவின் திசையிலிருந்தே வருவதால் மூக்கின் பக்கவாட்டு நிழல், கன்ன எலும்பின் கீழ் நிழல் இரண்டையும் அழித்துவிடும். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளைகள்தான் மிஞ்சும். உச்சி வெயில் நேர்மாறு, கண்குழிகள் இருண்டுவிடும். அழகூட்டும் ஃபில்டர் போட்ட படத்தை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க வேண்டாம். அது தோலை மழுப்புவதோடு நிற்பதில்லை. பல நேரம் தாடையை ஒடுக்கி, கண்ணையும் பெரிதாக்கியிருக்கும்.

ஆள் அருகில்தான் இருக்கிறார், இன்னொரு படம் எடுக்கலாம் என்றால் தயங்காமல் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக, சுமார் 45 பாகை சாய்ந்து விழ வேண்டும். அறை விளக்குகளையும் ஃபிளாஷையும் அணைத்துவிட வேண்டும். கேமரா கண் மட்டத்தில், 2 மீட்டர் தள்ளி, இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூமில் இருக்கட்டும். பேச்சுக் கொடுத்தபடியே இருபது முப்பது படம் எடுக்கச் சொல்லுங்கள். "சிரிங்க" என்று சொன்ன நொடிக்கு முன்னும் பின்னும் இருப்பவைதான் பெரும்பாலும் பயன்படும்.

ஸ்டூடியோவில் எடுத்த படமாக இருந்தால் இன்னொன்று: காசு கொடுத்து பிரிண்ட் வாங்கியிருந்தாலும், பல நாடுகளில் பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கலாம். அனுமதி வாங்கித் தரும் பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று ஆர்டர் தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: என்ன அளவில் வரைவது? போட்டோவைத் தாளுக்கு மாற்ற டிரேஸ் எடுப்பது தப்பா?

பதில்: தப்பில்லை. டிரேஸ் தருவது இடத்தை மட்டும்தான். முகத்தை அது வரைந்து தராது.

தலையும் தோளும் மட்டும் என்றால் 30 × 40 செ.மீ. தாள் வசதியானது. அதில் உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை 16 செ.மீ. வைத்தால் ஒரு கண்ணின் அகலம் சுமார் 2 செ.மீ. வரும். பாஸ்டல் பென்சிலின் முனைக்கு அது போதும். தலை 10 செ.மீ.க்குக் கீழே போனால் இமை, கண்மணி, ஒளிப்புள்ளி எல்லாம் ஒரே திட்டாகிவிடும். ஒரே தாளில் நான்கு பேர் வேண்டும் என்று ஆர்டர் வந்தால் தாளைப் பெரிதாக்குங்கள், தலைகளைச் சிறிதாக்காதீர்கள். நிஜ அளவைத் தாண்டவும் வேண்டாம். சுவரில் மாட்டிய பிறகு முகம் பூதாகரமாகத் தெரியும்.

கட்டம் போடுவதானால் கணக்கு சுலபம். போட்டோவை 12 × 16 செ.மீ.க்கு பிரிண்ட் எடுத்து 2 செ.மீ. கட்டம் போடுங்கள். தாளில் 5 செ.மீ. கட்டம். இரண்டிலும் 6க்கு 8 கட்டம் வரும். கண், மூக்கு, வாய் இருக்கும் கட்டங்களை மட்டும் இன்னும் நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் அது தாளுக்கு நேர்செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் முகம் நீளும். முதலில் ஒரு சதுரத்தை விழச்செய்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள்.

கோட்டைச் சாதாரணப் பென்சிலால் போடாதீர்கள். கிராஃபைட் வழவழப்பானது, அதன்மேல் பாஸ்டல் ஒட்டாமல் கோடு பளபளவென்று தெரிந்துகொண்டே இருக்கும். பழுப்பு பாஸ்டல் பென்சிலோ மரக்கரிக் குச்சியோ போதும். கோடு தாளில் பதிவதற்காக டிரேஸ் தாளின் பின்பக்கம் தேய்ப்பதற்கும் அவையே.

கேள்வி: தாளும் பாஸ்டலும் எதை வாங்குவது? 72 நிறப் பெட்டி கட்டாயமா?

பதில்: கட்டாயம் இல்லை. பெரிய பெட்டிகளில் பாதி நிறம் நிலக்காட்சிக்குத்தான் உதவும். உருவப்படத்துக்கு பாஸ்டல் பென்சில் ஒரு டஜன், கடின பாஸ்டல் ஒரு டஜன், மென் பாஸ்டல் தனித்தனிக் கட்டிகளாக இருபது இருந்தால் தாராளம். பென்சிலில் ஃபேபர்-காஸ்டலின் பிட், ஸ்டபிலோவின் கார்ப்ஓதெல்லோ இரண்டுமே நன்றாக உழைக்கும். பென்சிலைத் துருவியில் போட்டுத் திருகாமல் பிளேடால் சீவி, உப்புத்தாளில் முனை தீட்டுங்கள். ஒருமுறை தரையில் விழுந்த பென்சில் உள்ளே பல துண்டாகியிருக்கும். சீவச் சீவ முனை உதிரும்.

தாள் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கான்சன் மி-தேந்த் எளிதில் கிடைப்பது, சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள தாள். அதன் ஒரு பக்கம் தேன்கூடு போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். முகத்துக்கு மறுபக்கத்தைப் பயன்படுத்துங்கள். மூன்று நான்கு அடுக்கு தாங்கும், அதற்குமேல் வழுக்கும். பாஸ்டல்மேட் தாள் 360 கிராம். நுண்ணிய சொரசொரப்பு, அடுக்குகளை நன்றாகப் பிடிக்கும், பென்சிலுக்கும் ஒத்துப்போகும். யூஆர்ட் உப்புத்தாள் வகையில் எண் கூடக்கூட நைஸ்; முகத்துக்கு 600 வாக்கில் பாருங்கள். எதுவானாலும் வெள்ளைத் தாள் வேண்டாம். நடுத்தர அடர்த்தியில் மணல் நிறம், சாம்பல், மண் பழுப்பு இவற்றில் ஒன்றை எடுத்தால், எது இருட்டு எது வெளிச்சம் என்பது முதல் கோட்டிலேயே தெரியும்.

கேள்வி: மாநிறமும் கருமையுமான முகங்களை வரைந்தால் சாம்பல் பூசியதுபோல் வருகிறது. வெள்ளை கலந்து வெளிச்சம் காட்டினால் இன்னும் மோசமாகிறது. எங்கே தவறு?

பதில்: தவறு வெள்ளையில்தான். வெள்ளை, தான் சேரும் நிறத்தை வெளிச்சமாக்கும்போதே அதன் சூட்டையும் உறிஞ்சிவிடும். பழுப்பின்மேல் வெள்ளை தேய்த்தால் வருவது வெளிச்சம் அல்ல, சுண்ணாம்பு. பாஸ்டலில் தட்டில் நிறம் கலக்கும் வசதி இல்லாததால், வேண்டிய வெளிச்ச நிறத்தைத் தனிக் கட்டியாகவே எடுத்துப் போட வேண்டும்.

தொடங்குமுன் ஒன்பது கட்டிகளைப் பொறுக்கி வையுங்கள்: இருட்டுக்கு மூன்று, நடுத்தரத்துக்கு மூன்று, வெளிச்சத்துக்கு மூன்று. கருமையான தோலுக்கு இருட்டில் அடர்பழுப்பு, அடர்ஊதா, இண்டிகோ. நடுவில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, செங்காவி, மங்கிய ஆலிவ் பச்சை. வெளிச்சத்தில் மஞ்சள் காவி, வெளிர் ஆரஞ்சு, வெளிர் பீச். பச்சை எதற்கு என்று கேட்பீர்கள். வெளிச்சம் நிழலுக்குள் திரும்பும் வளைவில் தோல் சற்று மங்கும். அந்த இடத்தில் ஆலிவ் மெல்லியதாக விழுந்தால்தான் பக்கத்துச் சிவப்பு உயிரோடு தெரியும். கருப்புக் கட்டியைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். நிழலில் கருப்பு ஓட்டை மாதிரி தெரியும்.

கருமையான தோலில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் தெரியும் பளபளப்பு தோலின் நிறமே அல்ல. ஜன்னலோ வானமோ அதில் பிரதிபலிக்கிறது. ஆகவே அங்கே நீலம் கலந்த வெளிர்சாம்பல் வரலாம். ஆனால் சிறிய இடத்தில், கடைசியில், ஒரே அழுத்தில். அதைக் கன்னம் முழுக்கத் தேய்த்தால் நீங்கள் சொல்லும் சாம்பல் முகம் வந்துவிடும்.

பொறுக்கிய நிறங்களை அதே தாளின் ஓரத்துண்டில் தீற்றி, போட்டோ பிரிண்டின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து போனில் கருப்பு-வெள்ளையில் படம் எடுங்கள். இருட்டு, வெளிச்சத்தின் படிநிலை இரண்டிலும் ஒத்துப்போனால் நிறம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் முகம் நிற்கும். படிநிலை தவறினால் எவ்வளவு சரியான பழுப்பு கிடைத்தும் பயனில்லை. ஆனால் போட்டோவின் நிழலை நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட அதைக் கேமரா கறுப்பாக்கிவிடும். அளவுக்கு பிரிண்டையும், நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் திரையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

போடும் ஒழுங்கு: இருட்டிலிருந்து வெளிச்சம், கடினத்திலிருந்து மென்மை. முதலில் கடின பாஸ்டலைப் படுக்கையாகப் பிடித்து நிழல்களை லேசாக நிரப்புங்கள். பிறகு நடுத்தரம். இந்தக் கட்டத்திலேயே பின்னணியையும் போட்டுவிட வேண்டும். பின்னணியைக் கடைசிக்கு ஒத்திவைத்தால் முடியின் ஓரத்தைச் சுற்றி வெட்டி ஒட்டியதுபோல் ஒரு விளிம்பு விழும். விரலால் தேய்ப்பதை முதல் அடுக்கோடு நிறுத்துங்கள். விரலின் எண்ணெய்ப்பசை தாளின் சொரசொரப்பை அடைக்கும், நிறமும் சேறாகும். வெளிச்சத்துக்கு மென் பாஸ்டல். இமை, நாசி, உதட்டோரத்துக்குக் கடைசியாகப் பென்சில். இடையில் கட்டி வழுக்க ஆரம்பித்தால் மேலே அழுத்தாதீர்கள். அந்த இடத்தைக் கடினமான பன்றிமுடித் தூரிகையால் தட்டி உதிர்த்துவிட்டு மீண்டும் போடுங்கள்.

வலக்கைக்காரர்கள் மேல் இடது மூலையிலிருந்து கீழே வந்தால் கை பட்டு அழியாது.

கேள்வி: பல் தெரியச் சிரிக்கும் படங்களே வருகின்றன. வரைந்தால் பல் செட் மாதிரி இருக்கிறது.

பதில்: பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கோடு போடுவதால் வரும் வினை. மேல்வரிசையை ஒரே வடிவமாகப் பாருங்கள். நிறம் வெள்ளை அல்ல. மேலுதட்டின் நிழலில் இருப்பதால் வெளிர்காவி சேர்ந்த சாம்பல், கடைவாய்ப் பக்கம் போகப்போக இன்னும் மங்கல். நடு இரண்டு பற்களில் மட்டும் ஓரிடம் வெளிச்சம். பிரிவுகளை ஈறுப் பக்கம் சிறு முக்கோண நிழலாகவும், கீழ்விளிம்பில் ஏற்ற இறக்கமாகவும் காட்டினால் போதும். கண்ணின் வெள்ளைக்கும் இதே விதிதான். மேல் இமையின் நிழல் விழுவதால் அது ஒருபோதும் தாளிலேயே மிக வெளிச்சமான இடமாக இருக்காது.

சிரிப்பில் கீழ் இமை மேலேறும், கன்னம் திரளும். ஆகவே சிரிக்கும் படத்தின் வாயை மட்டும் மூடி, "சாந்தமான முகமாக" மாற்றித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கண் சிரிக்கும், வாய் சும்மா இருக்கும், பார்க்கச் சகிக்காது.

கேள்வி: காலமான தந்தையின் சிறிய கருப்பு-வெள்ளைப் படம் ஒன்று, வயதான காலத்துக் கலர் படம் ஒன்று. இரண்டையும் சேர்த்து நடுவயது முகமாக வரைந்து தரக் கேட்கிறார்கள். முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஒரு படம் எஜமானாக இருக்க வேண்டும், மற்றது வெறும் சாட்சி. தலை திரும்பிய கோணம், வெளிச்சத்தின் திசை, வாயின் நிலை மூன்றும் ஒரே படத்திலிருந்துதான் வர வேண்டும். அதிலிருந்து கண், இதிலிருந்து மூக்கு என்று எடுத்தால் இரண்டு பேரும் இல்லாத மூன்றாவது ஆள் வந்து உட்காருவார்.

சிறிய படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். போனால் படம் பிடித்தால் மேற்பரப்புப் பளபளப்பும் சேர்ந்து விழும். தானாகவே தெளிவாக்கும் மென்பொருள்களிடம் எச்சரிக்கை. மங்கலான கண்ணை அவை தெளிவாக்குவதில்லை, வேறொரு கண்ணைப் புதிதாக வைக்கின்றன. முன்பின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிவப்பை உணராத மிகப் பழைய படச்சுருள்களில் உதடும் சிவந்த தோலும் உள்ளதைவிடக் கறுத்து விழும். ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவிலேயே பென்சிலால் சுருக்கங்களை மறைப்பதும் வழக்கமாக இருந்தது. ஆகவே வழவழப்பான நெற்றியைக் கண்டு ஏமாற வேண்டாம். தோல் நிறத்துக்குக் கலர் படத்தைவிட, அவரைப்போல நிறம் உள்ள பிள்ளையோ சகோதரரோ யார் என்று கேட்டு, அவரைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது மேல். பழைய கலர் பிரிண்டுகள் நிறம் மங்கிச் சாய்ந்திருக்கும்.

வயதுக்கு ஏற்ப மாற்ற வேண்டியவை சில: முடி தொடங்கும் கோடு, கன்னச் சதை, மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு. கண்களின் இடைவெளியையும் மூக்கின் எலும்பையும் தொடாதீர்கள். வயது அவற்றை அதிகம் மாற்றுவதில்லை.

கேள்வி: வேலை முடிந்து காட்டியதும் "எல்லாம் சரி, ஆனா அவர் மாதிரி இல்லையே" என்கிறார்கள். எங்கே என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. எத்தனை முறை திருத்துவது?

பதில்: ஜாடை தவறும் இடங்கள் ஐந்தாறுதான். கண்களின் உள்மூலைகளுக்கு நடுவே உள்ள தூரம். மூக்கடியிலிருந்து மேலுதடு வரையிலான நீளம். இரு கண்ணையும் இணைக்கும் கோட்டின் சாய்வு. வாயோரம் ஏறுகிறதா இறங்குகிறதா. மேல் இமை கண்மணியை எவ்வளவு மூடுகிறது. மோவாயின் அகலம். இந்த வரிசையிலேயே சோதியுங்கள். 16 செ.மீ. தலையில் கண்ணின் அகலமே 2 செ.மீ. என்பதால், 1 மி.மீ. பிசகு 5 சதவீதப் பிழை.

போட்டோவை ஓவியத்தின் அளவுக்கே பெரிதாக்கி, கண்ணாடித்தாளில் முக்கியக் கோடுகளை மார்க்கரால் எடுத்து, ஓவியத்தின் மேல் உரசாமல் தூக்கிப் பிடியுங்கள். விலகிய இடம் உடனே தெரியும். அதற்கும் முன்னால், ஓவியத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் அதில் தெரியும். திருத்த, மாஸ்கிங் டேப்பை மெல்ல ஒற்றி எடுத்தால் பாஸ்டல் மேலே வரும். பிசைரப்பரால் தேய்க்காமல் ஒற்றுங்கள்.

எத்தனை முறை என்பதை ஆர்டர் எடுக்கும் அன்றே எழுதிவிட வேண்டும்: எந்தப் படம், என்ன அளவு, எத்தனை பேர், முன்பணம், கோட்டோவியத்துக்கு ஒரு ஒப்புதல், முடிந்தபின் இரண்டு திருத்தம். உடை, பின்னணி, தலையின் கோணம் ஆகியவை கோட்டோவிய ஒப்புதலோடு முடிந்த பேச்சு. பாதி வேலையில் படம் எடுத்து அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். அடிநிற ஊதாவும் பச்சையும் தெரியும் அந்தக் கட்டத்தில் யாருடைய அப்பாவும் பேய்போலத்தான் இருப்பார்.

ஒப்புதலை நேரில் பலர் சேர்ந்து பார்த்துச் சொல்வதைவிட, முடிவு சொல்லும் ஒருவர் யார் என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது. அண்ணன் நினைவில் இருக்கும் அம்மாவும் தங்கை நினைவில் இருக்கும் அம்மாவும் ஒருவர் அல்ல.

கேள்வி: தூளைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சட்டிவ் திரவத்தை அடித்ததும் வெளிச்சம் எல்லாம் மங்கிவிட்டது. அடிக்காமல் கொடுத்தால் உதிராதா?

பதில்: பாஸ்டல் தூளின் இடுக்குகளில் இருக்கும் காற்றால்தான் அது அவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது. ஃபிக்சட்டிவ் அந்த இடுக்கை நிரப்பியதும் நிறம் ஈரத் துணிபோல் கறுக்கும். வெளிர்நிறங்களே முதலில் பலியாகும். வேண்டுமானால் நடு அடுக்குகளில் 30–40 செ.மீ. தள்ளி நின்று லேசாக ஒரு வீச்சு. சொரசொரப்பு கொஞ்சம் மீளும். பிரெஞ்சு ஓவியர் தேகா அடுக்குகளுக்கு நடுவே ஃபிக்சட்டிவ் பயன்படுத்தியவர்தான். கடைசி வெளிச்சத்தைப் போட்டபின் தெளிக்க வேண்டாம். முடிந்ததும் பலகையின் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினால் ஒட்டாத தூள் விழுந்துவிடும்.

ஓவியத்தைக் காப்பது பிரேம்தான். கண்ணாடி ஓவியத்தைத் தொடக்கூடாது; நடுவே 4 மி.மீ. ஆவது இடைவெளி வேண்டும். ஓவியத்தைச் சுற்றி மவுண்ட் என்னும் அட்டைச் சட்டம் போட்டால் அதன் அடியில் உள்ளே தள்ளி ஒரு மெல்லிய பட்டை வையுங்கள். உதிரும் தூள் மவுண்ட்டின் விளிம்பில் படியாமல் பின்னால் விழும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு வேண்டாம். அதைத் துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். அமிலமற்ற அட்டை தாளைக் காக்கும், ஈரம் ஊறாத சுவர் பூஞ்சையைத் தடுக்கும். இவை சரியாக இருந்தால் பாஸ்டல் நூற்றாண்டுகள் தாங்கும். எண்ணெய் இல்லாததால் மஞ்சளாவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. சுவிஸ் ஓவியர் லியோத்தார் 1744 வாக்கில் பதனிட்ட தோலில் பாஸ்டலால் வரைந்த 'சாக்லேட் பெண்' இன்றும் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிரேம் போடாமல் அனுப்புவதானால் மேலே கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாள் வைத்து, நகராதபடி நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே படுக்கை வசமாக அனுப்புங்கள். சுருட்டவே கூடாது.

கேள்வி: தூள் உடம்புக்குக் கெடுதலா?

பதில்: கேட்மியம், கோபால்ட் சேர்ந்த நிறங்கள் மூச்சில் போகக்கூடாது. ஊதாதீர்கள். ஓவியப் பலகையைத் தாங்கும் ஈசல் சட்டத்தை மேல்பக்கம் உங்களை நோக்கிச் சற்று சாய்த்தால் தூள் நேராகக் கீழே விழும். அங்கே ஒரு ஈரத் துணி விரித்த தட்டு. என்95 முகக்கவசம், மெல்லிய நைட்ரைல் கையுறை. தரையைப் பெருக்காமல் ஈரமாகத் துடையுங்கள்.

கேள்வி: ஆயில் பாஸ்டலிலும் இதே முறைதானா?

பதில்: இல்லை. அது மெழுகும் எண்ணெயும் சேர்ந்த வேறு பொருள். முழுதாகக் காயாது, பென்சிலின் நுணுக்கமும் அதன்மேல் ஏறாது. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.